வண்டிக் கூரையில் என் முழங்கால்

அருள்,

காலை எட்டு மணிக்கு நீ வேனை எடுத்துக்கொண்டு விழுப்புரம் கிளம்பினாய். வண்டிப் பேப்பர் வேலையை முடித்துவிட்டு நாலு மணிக்குள் திண்டிவனம் திரும்பிவிடுவேன் என்றாய். விடிந்தால் உனக்குப் பயணம். இன்னும் ஒரு வருஷத்துக்கு அந்த வேன்தான் உனக்கு வீடு, ஆபீஸ், சமையல்கட்டு எல்லாம். இப்போது மணி பத்தேமுக்கால். நம் தார்ப்பாய்க் கடையில் தையல் மெஷின் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். உட்கார்ந்து அரைமணி நேரம் ஆகவில்லை, அதற்குள் மூன்று தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை தண்ணீர் குடிக்க, ஒரு தடவை ரோட்டில் கேட்ட ஹாரன் உன் ஹாரனா என்று பார்க்க, ஒரு தடவை சும்மா. நேரில் நின்று சொல்லலாம்தான். ஆனால் உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும். என் பக்கம் தப்பு இருக்கிற விஷயத்தை நான் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வார்த்தையில் குரல் ஏறிவிடும், பத்தாவது வார்த்தையில் தப்பு உன்னுடையதாகிவிடும். உங்கப்பா இத்தனை வருஷமாக என்னிடம் தோற்றுக்கொண்டிருப்பது அப்படித்தான். நோட்டிடம் கத்த முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டிக் கூரையில் நீ ஒட்டிய மூன்று சோலார் பேனல்களில் நடுப் பேனல் உடைந்திருக்கிறது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே கீறல். அதனால்தான் உன் ஃபிரிட்ஜ் விடியற்காலையில் நின்றுபோகிறது. உடைத்தது நான். மூன்று வாரமாகத் தெரிந்தும் சொல்லாமல் இருந்ததும் நான். அந்தப் பேனலை மாற்றாமல் நீ நாளைக்குக் கிளம்பக் கூடாது.

எழுதிவிட்டேன். கொஞ்சம் இரு, ஒரு லாரிக்காரர் கயிறு கேட்டு வந்து நிற்கிறார்.

வந்துவிட்டேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? நீ அந்தப் பழைய ஸ்கூல் வேனை ஓட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்திய நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. மஞ்சள் பெயின்ட், ஜன்னலுக்குக் கம்பி, உள்ளே பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கர். "இதுல இன்னாடா பண்ணப்போற?" என்று கேட்டேன். "இதுலதாம்மா இருக்கப்போறேன்" என்றாய். உங்கப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "நான் முப்பது வருஷம் லாரியில படுத்துக் கெடந்து, எப்படா எறங்குவோம்னு தவிச்சேன். இவன் வேணும்னே ஏர்றான் பாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நாக்பூர், கான்பூர் என்று போய் வந்த காலத்தில் ஒவ்வொரு போன் மணிக்கும் பதறியவள் நான். அது முடிந்து, அவர் முதுகு வலியோடு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் நான் இரவில் முழுசாகத் தூங்க ஆரம்பித்தேன். இப்போது நீ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாய். ஆனாலும் உனக்கு மெத்தை தைத்தேன், திரை தைத்தேன், பின்கதவுக்குத் தார்ப்பாயில் பந்தல் மாதிரி இழுத்துக் கட்ட ஒன்று தைத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று வாய் சொன்னது, கை பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தது.

கூரை வேலைதான் உனக்குப் பெரிய வேலை. கண்ணாடிப் பேனல் வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு அரிசி மூட்டை கனம், இந்த வண்டித் தகரம் தாங்காது, மேலே கனம் ஏறினால் வளைவில் வண்டி ஆடும் என்று எனக்கு நீ விளக்கம் சொன்னாய். நீ வாங்கி வந்த பேனலை நான் ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். பாயைச் சுருட்டி எடுத்த மாதிரி இருந்தது. ஓரத்தில் வளையம் அடித்திருந்தது, நம் தார்ப்பாய்க்கு அடிக்கிற அதே பித்தளை வளையம். எனக்கு ஒரே சந்தோஷம். இது நம்ம வேலைதானே என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் கோளாறே ஆரம்பித்தது.

அது எதற்காக என்று ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் உங்கப்பா, "செல்போனுக்குச் சார்ஜ் போடத்தான்" என்று சொல்லிவிடுவார். எதற்கு என்று எனக்குத் தெரியும். உன் லேப்டாப் கரண்ட் இல்லாமல் நின்றால் உன் ஆபீஸ்காரர்கள் நாலு வார்த்தை திட்டுவார்கள், அவ்வளவுதான். அந்தச் சின்ன ஃபிரிட்ஜ் நின்றால் உன் இன்சுலின் கெட்டுப்போகும். ஏழு வயசிலிருந்து ஊசி இல்லாமல் உனக்கு ஒரு நாள் இல்லை. நீ போகிற வழியெல்லாம் அதற்குக் குளிர் கொடுக்கப் போவது கூரையில் இருக்கிற அந்த மூன்று பாய்கள்தான். தெரிந்துதான் உடைத்தேன் என்று நினைத்துவிடாதே. தெரியாமல்தான் உடைத்தேன். ஆனால் தெரிந்துதான் மறைத்தேன்.

ஒட்டிய நாள் உனக்கு நினைவிருக்கும். பேனல் நேராகத் தகரத்தில் ஒட்டினால் சூட்டில் வெந்துபோகும் என்று, கார் ஷெட்டுக்குப் போடுகிற, உள்ளே குழாய் குழாயாக ஓட்டை இருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டை முதலில் கூரையில் ஒட்டினாய். அதன் வழியாகக் காற்றுப் போகும் என்றாய். அதற்கு மேல் பசை, பசைக்கு மேல் பேனல். முன்னும் பின்னும் இரண்டு பேனல் ஆனதும் உனக்குப் பசை அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. நடுவில் மூன்றாவதை வைத்துவிட்டு, இருக்கிற பசையில் ஓரத்தை மட்டும் பிடிக்க வைத்தாய். ஏணியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "அம்மா, உள்ளங்கையால மட்டும் அமுக்கிக்கினு இரு. நடுவுல கனம் வெக்காத" என்றாய். "போடா, எனக்கே சொல்றியா, லாரிக் கூரைமேலயே பொழப்ப ஓட்டினவ நான்" என்றேன். நீ செஞ்சி ரோட்டுக் கடைக்குப் பசை வாங்கப் போய்விட்டாய்.

நான் தனியாக மேலே இருந்தேன். மூன்று மணி வெயில். நடுப் பேனலில், நட்டநடுவில், ஒரு உப்பல் தெரிந்தது. தார்ப்பாயில் அப்படி உப்பினால் என்ன செய்வோம் என்று நீ சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறாய். ஒரு முழங்காலை உப்பல் மேல் ஊன்றி, இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து விறைப்பாக இழுப்போம். காற்று வெளியே போய்விடும். என் கை யோசிக்கவே இல்லை, முழங்கால் தானாகப் போய் ஊன்றியது. இழுத்தேன். கீழே ஓட்டை ஷீட் கொஞ்சம் அமுங்கியது. டிக் என்று ஒரு சத்தம். மல்லாட்டைத் தோலை விரலால் உடைத்துக் கடலையை எடுத்தால் வருமே, அந்தச் சத்தம்தான். முழங்காலை எடுக்கும்போது இன்னொரு டிக். குனிந்து பார்த்தேன், விரலால் தடவினேன், ஒன்றுமே இல்லை. உப்பலும் போயிருந்தது. நீ வந்து பார்த்துவிட்டு, "சூப்பரா உக்காந்துடுச்சு மா" என்று என் தோளைத் தட்டினாய். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மணி பன்னிரண்டு. இதற்குள் நீ ஆர்.டி.ஓ. ஆபீஸில் வரிசையில் நின்றுகொண்டிருப்பாயா, சாப்பிட்டாயா, பையில் சர்க்கரை மிட்டாய் இருக்கிறதா என்று ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பது வயசுப் பிள்ளைக்கு இதையெல்லாம் போன் போட்டுக் கேட்கக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓட்டம் என்று நாம் மூன்று பேரும் வல்லம் வழியாகச் செஞ்சிக் கோட்டைக்குப் போனோம். இரவு அங்கேயே அடிவாரத்தில் ஒருவர் நிலத்தோரம் நிறுத்திப் படுத்தோம். காலையில் எழுந்தபோது ஃபிரிட்ஜ் அணைந்திருந்தது. நீ முகம் சுருங்கிப்போய் பேட்டரியைப் பார்த்தாய், ஒயரைப் பார்த்தாய். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி மாட்டினாய். சார்ஜைக் கட்டுப்படுத்துகிற அந்தப் பெட்டியை மாற்றினாய். பாண்டிச்சேரி போய் வேறு ஒயர் வாங்கி வந்தாய். "நான்தாம்மா எங்கியோ தப்பு பண்ணிக்கீறேன், இன்னான்னுதான் தெரியல, ஒரே பேஜாரா கீது" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் உன் முன்னால் தட்டை வைத்துவிட்டு, "சாப்பிடுடா, அப்புறம் பாக்கலாம்" என்றேன். பயணத்தை ஒரு வாரம் தள்ளினாய். அப்புறம் இன்னொரு வாரம்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். முதல் நாலு நாள் வீம்பு. என் கை பட்ட கூரை ஒழுகியது, கிழிந்தது என்று எந்த லாரிக்காரரும் இந்தக் கடை வாசலில் வந்து நின்றதில்லை. சொந்தப் பிள்ளை வண்டியில் போய் முழங்காலை ஊன்றினேன் என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகு வீம்பு போய்விட்டது. வந்தது வேறு. நீ காலையில் வீட்டில் எழுந்திருந்தாய். இரவு நீ தூங்கிய பிறகு உன் நெற்றியில் வியர்வை இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் படுக்க முடிந்தது. கேப்பை அடை சுட்டுப் போட்டேன், மரக்காணத்து மீன் வாங்கி வந்தேன். உனக்குச் சர்க்கரை இறங்கினால் பக்கத்தில் நான் இருக்கிறேன் என்ற தைரியம். நடுப் பேனலில் ஒரு கீறல் இருக்கிற வரைக்கும் என் பிள்ளை வீட்டில் இருக்கிறான். இப்படி நினைத்தேன், அருள். நினைத்துச் சந்தோஷமும் பட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

போன வியாழக்கிழமை நீ பஸ்ஸில் விழுப்புரம் போயிருந்தபோது, குயிலாப்பாளையத்திலிருந்து வேலு என்று ஒரு சோலார் மெக்கானிக்கை நானே வரவழைத்தேன். உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால்தான். அவர் மீட்டரை வைத்து ஒவ்வொரு பேனலாகப் பார்த்தார். நடுப் பேனலில் வந்து நின்றுவிட்டார். "இது பாதிகூடத் தரலியேம்மா. மேல யாராச்சும் ஏறினாங்களா?" என்றார். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "செஞ்சியில ஒரு கொரங்கு குதிச்சுதுங்க." அவர் தலையைச் சொறிந்தார். கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த உங்கப்பா நிமிர்ந்து பார்த்து, "அந்தக் கொரங்கு எத்தினி கிலோ இருக்கும்டி?" என்று கேட்டார். நான் முறைத்தேன். அவர் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த மனுஷனுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

வேலு போகும்போது சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. "கொரங்கோ எதுவோ, கீறல் உழுந்த எடம் வெயில்ல சூடேறிக்கினே இருக்கும்மா. அந்த எடம் மட்டும் கருகும். கீழ பிளாஸ்டிக் ஷீட்டு வேற வெச்சிக்கீறீங்க. தம்பி அதுக்குக் கீழதான படுக்கும்? மாத்தாம அனுப்பாதீங்க." அவரிடமே புதுப் பேனல் ஒன்று சொல்லிவிட்டேன். அது முந்தாநாள் வந்துவிட்டது. பச்சைத் தார்ப்பாயில் சுற்றி மெஷினுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ கடைக்கு வந்தபோதெல்லாம் அதன் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

சனிக்கிழமை நம் மாதா கோயிலில் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டார். செய்த தப்பைச் சொல்ல நானும் போய் முழந்தாளிட்டேன். பேனல், முழங்கால், குரங்கு எல்லாவற்றையும் சொன்னேன். சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார் என்று குரலிலேயே தெரிந்தது. "இத எங்கிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போகுது, பையன்கிட்ட சொல்லுங்க" என்றார். சரி சாமி என்று எழுந்து வந்துவிட்டேன். வந்தும் சொல்லவில்லை. நேற்று நீயே ஒன்று சொன்னாய், அதுதான் என்னை இந்த நோட்டுக்கு முன்னால் உட்கார வைத்தது. "இதுக்கு மேல தள்ள முடியாதும்மா. கெளம்பிடறேன். மருந்த பாதிதான் எடுத்துக்கினு போறேன். ஃபிரிட்ஜ் நின்னா நின்னுட்டுப் போவுது, கொஞ்ச நேரம் சூடானா ஒண்ணும் ஆவாது, மேனேஜ் பண்ணிக்கலாம்" என்றாய். ஒன்றும் ஆகாது என்று நீ சொன்னதும் எனக்குக் காது அடைத்துப்போனது. ஆகும். எனக்குத் தெரியும். சின்ன வயசில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்த கதை உனக்குத் தப்பாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

உங்கப்பா சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மணி ஒன்றேகால்.

இப்போது இரண்டு. அவர் "இன்னா எழுதிக்கினே கீற காலையிலேர்ந்து?" என்று கேட்டார். நான் மறைக்கப் போகவில்லை. உனக்கு இனி எழுதப்போவதை முதலில் அவரிடம் வாயால் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவருக்கும் தெரியாத விஷயம் அது. கேட்டார். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, பைக்கை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். முதுகு வலியோடு பைக் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன் செய்தால் எடுக்கவில்லை. வாசலுக்கும் மெஷினுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். நடுநடுவே எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்கு அப்போது ஒன்பது வயசு. கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத கோடைக்காலம். உங்கப்பா லாரியில் வடக்கே போயிருந்தார். வீட்டு ஃபிரிட்ஜை நம்ப முடியாமல், உன் இன்சுலின் பாட்டிலை ஈர மணல் போட்ட பானையில் வைத்துக் கடைக்குத் தூக்கி வந்து, மெஷினுக்குக் கீழே வைத்திருப்பேன். நம் கோயில் திருவிழா வாரம். மல்லாட்டை லோடு ஏற்ற மூன்று லாரிக்குத் தார்ப்பாய் அவசரமாகக் கேட்டார்கள். காலையில் உனக்கு ஊசி போட்டுவிட்டு, பாட்டிலைப் பானையில் வைக்காமல் மெஷின் பலகை மேல் வைத்தேன். யாரோ கூப்பிட்டார்கள். அதோடு மறந்தேன். தகரக் கூரை, ஜன்னல் வழியாக நேர் வெயில். சாயங்காலம் கையில் எடுத்தபோது டீ கிளாஸ் மாதிரி சுட்டது.

வீட்டில் வேறு பாட்டில் இல்லை. அது பாண்டிச்சேரியில்தான் கிடைக்கும். அன்றைக்கே பஸ் ஏறியிருக்க வேண்டும். தார்ப்பாய் முடியவில்லை. கொஞ்ச நேரம் சூடானால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ நேற்றுச் சொன்ன அதே வார்த்தை. பாட்டிலைத் திரும்பப் பானையில் வைத்து, அன்று இரவும், மறுநாளும், அதற்கு மறுநாளும் அதையே உனக்குப் போட்டேன். மூன்றாவது நாள் நீ வாந்தி எடுத்தாய். மூச்சு புசுபுசுவென்று வாங்கியது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் இரண்டு கேள்வி கேட்டார். "பையன் என்ன சாப்பிட்டான்? மருந்தை எங்கே வச்சிருந்தீங்க?" இரண்டாவது கேள்விக்கு, "பானையிலதாங்க" என்றேன். முதல் கேள்விக்கு, "திருவிழாவுல லட்டு குடுத்தாங்க, எனக்குத் தெரியாம இவன் எடுத்துத் தின்னுட்டாங்க" என்றேன். நீ கையில் டிரிப்ஸ் ஏற, பக்கத்துக் கட்டிலிலேயே படுத்திருந்தாய். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய்.

"நான் திங்கலம்மா" என்று நீ எத்தனையோ தடவை சொன்னாய். "பொய் சொல்லாத" என்று நான் உன்னை அதட்டினேன். ஊருக்கெல்லாம் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜம் மாதிரி ஆகிவிட்டது. சில மாதம் கழித்து, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு உன்னைத் தயார் செய்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வெளியே வந்தாய். நான் வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, லட்டு தின்னேன்னு சாமியார்கிட்ட சொல்லிட்டேம்மா. இனிமே கோச்சுக்க மாட்டியே?" என்றாய். நான் உன் தலையைத் தடவி, "நல்ல புள்ள" என்றேன்.

நல்ல புள்ள என்றேன், அருள். அதைவிட மோசமான வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நீ லட்டைத் தொடவே இல்லை. இப்போதெல்லாம் கணக்குப் பார்த்து ஊசி போட்டுக்கொண்டு எதையும் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியும் தொடவில்லை. போன வருஷம் உன் சித்தப்பா மகள் கல்யாணத்தில் இலையில் வைத்ததைத் தள்ளிவிட்டு, "எனக்கு வாய்க்கட்டுப்பாடு கெடையாது, சின்ன வயசுலயே திருடித் தின்னு ஆஸ்பத்திரி போன ஆளு நானு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பத்து வயசில் சொல்லியிருக்கலாம், பதினைந்தில் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. இந்த மூன்று வாரமும் நீ ஒயரைக் கழற்றி மாட்டிக்கொண்டு, "நான்தாம்மா எங்கியோ தப்பு பண்ணிக்கீறேன்" என்றபோது, எனக்கு அந்த வேப்பமரத்தடி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. நான் செய்ததை இரண்டாவது தடவையாக உன் தலையில் வைக்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும் அடை சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு வழியில் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். பாட்டிலைக் கையில் எடுக்கும்போது, இது சூடானதோ என்று ஒரு சந்தேகம் வந்தால் கீழே கொட்டிவிடு. வேறு மருந்து கிடைக்கிற ஊருக்கு வண்டியைத் திருப்பு. அன்றைக்கு ஆக வேண்டிய வேலை கெட்டுப்போகட்டும், ஆபீஸ்காரர்கள் கத்தட்டும். நான் மூன்று தார்ப்பாயை முடித்துக் கொடுத்தேன், அந்த மூன்று லாரிக்காரர்களில் ஒருவர் முகம்கூட இன்றைக்கு எனக்கு ஞாபகம் இல்லை. நீ மூச்சு வாங்கியது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

மணி மூன்றேகால். உங்கப்பா வந்துவிட்டார். பைக்கை நிறுத்திவிட்டு, ஒரு பொட்டலத்தைக் கொண்டு வந்து மெஷின் மேல் என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். நாலு லட்டு. "எங்க போயிட்டிங்க, போனாச்சும் எடுக்கக் கூடாதா" என்று சத்தம் போட்டேன். "அவனாண்ட ஜல்தியா சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்" என்றார். அவ்வளவுதான். இப்போது வாசலில் ஏணியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

வேலு ஐந்து மணிக்கு வருவார். பழைய பேனலைப் பெயர்த்து எடுக்க அவருக்குத் தெரியும், புதுசை நீயே ஒட்டு. பசை இந்தத் தடவை நிறையவே வாங்கி வைத்திருக்கிறேன். இரவுக்குள் காய்ந்துவிடும், இல்லையென்றால் நாளை மத்தியானம் கிளம்பு, நான் பிடித்து வைக்க மாட்டேன். நான் மேலே ஏற மாட்டேன், கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன். மேலே யார் ஏறினது என்று வேலு மறுபடியும் கேட்டால், குரங்கு இல்லை, எங்கம்மா என்று நீயே சொல்லிவிடு. என்மேல் கோபம் வந்தால் கத்து. இந்தத் தடவை நான் எதிர்த்துக் கத்த மாட்டேன், முயற்சி செய்கிறேன். கோபத்தில் பேசாமலே போய்விட்டாலும், பேனலை மாற்றிவிட்டுப் போ.

ரோட்டு முனையில் ஹாரன் கேட்கிறது. பழைய ஸ்கூல் வேன் ஹாரனை மாற்றச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன், நல்லவேளை நீ மாற்றவில்லை. நோட்டைப் பச்சைத் தார்ப்பாய் மேல் வைக்கிறேன், அதன் மேல் பொட்டலம். படித்து முடித்ததும் மீட்டரில் சர்க்கரை பார்த்து, கணக்குப் போட்டு ஊசி போட்டுக்கொள். போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து ஒரு லட்டு தின்னு. அன்றைக்கு நீ தின்னவே இல்லை, அருள். இதைத் தின்னு.

அம்மா